காப்பகம் தொடங்கும் முன் தரையில் படுத்துப் பாருங்கள்

ப்ளே ஸ்கூல் வைக்கப் போகிறேன், க்ரெச் ஆரம்பிக்கப் போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்குள் போய், தரையில் குப்புறப் படுத்து, ஒரு பத்து நிமிடம் அப்படியே இருங்கள். சிரிப்பார்கள். ஆனால் படுத்துப் பார்த்தவர்கள் கையில் ஒரு பட்டியலோடுதான் எழுந்திருப்பார்கள். கதவின் அடிப்பக்கம் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருக்கும், சுவரோரம் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கும், அலமாரிக்கு அடியில் போன வருடம் போட்ட கரையான் மருந்தின் வாடை இன்னும் இருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் இதில் ஒன்றும் கண்ணில் படாது. உங்களிடம் வரப்போகிற ஒன்றரை வயதுக்காரர் நாள் முழுக்க இருக்கப்போவது இந்த உயரத்தில்தான்.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கணக்குதான். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை கையில் இருக்கும் காசைக் கொட்டுங்கள், அதற்கு மேல் சிக்கனமாக இருங்கள். நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். ஃபால்ஸ் சீலிங், கலர் லைட், வாசலில் பெரிய கார்ட்டூன் என்று பெற்றோர் கண்ணுக்குச் செலவு செய்துவிட்டு, குழந்தை நக்குகிற ஜன்னல் கம்பிக்கு இருப்பதிலேயே மலிவான எனாமலை அடிக்கிறோம்.

நக்குமா என்று கேட்காதீர்கள். நாங்கள் தொடங்கிய முதல் வருடம், மழைக்கால மதியம் ஒன்றில், கீழ் ஜன்னலின் பச்சைக் கம்பியில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடங்களைப் பார்த்தேன். அம்மா வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே நிற்கும் குழந்தை கம்பியைக் கடித்துக்கொண்டுதான் நிற்கும். பச்சைக்கு அடியில் பழைய மஞ்சள், அதற்கும் அடியில் சிவப்பு. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று பெயிண்ட் பகுதியில் சொல்கிறேன்.

முதல் வேலை: கூரையைப் பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுப்பது

வாடகை, வண்டி நிறுத்த இடம், மெயின் ரோட்டுக்குப் பக்கம் என்று ஆயிரம் பார்ப்பீர்கள். அதற்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட இடம் என்றால், நான் சொல்வது: வேண்டாம். நம் ஊரில் 'சிமென்ட் ஷீட்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம், சிமென்டோடு கல்நார் இழை கலந்ததுதான் அது. எந்த வகைக் கல்நாராக இருந்தாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் இதன் விற்பனைக்குத் தடை இல்லை, அதனால் கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஷீட் முழுசாக இருக்கும்போது ஆபத்து குறைவு. துளை போடும்போது, வெட்டும்போது, வெயிலிலும் மழையிலும் மேல்பரப்பு தேய்ந்து போகும்போதுதான் இழை காற்றில் கலக்கிறது. ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டீர்கள், மாற்ற முடியாது என்றால், அதில் ஃபேன் மாட்டத் துளை போடாதீர்கள், பாசி போகத் தேய்த்துக் கழுவாதீர்கள். வீட்டுக்காரர் மாற்றித்தர ஒப்புக்கொண்டால், குழந்தைகள் வருவதற்கு வெகு முன்னால், ஷீட்டை நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டி உடைத்து இறக்குவதுதான் வழக்கமான முறை, அதுதான் இருப்பதிலேயே மோசமான முறையும். இறக்கிய துண்டுகளை வாசலில் பள்ளம் நிரப்பப் போடுவதும் கூடாது.

சரி, அப்படியானால் இயற்கையாகக் கீற்றுக் கொட்டகை போடலாமே, குளுகுளுவென்று இருக்குமே என்று ஒருவர் கேட்டார். 2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரு பள்ளியின் சமையல் கூடத்துக் கூரையில் பிடித்த தீ வகுப்பறைக் கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இயற்கைப் பொருள் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்று குழந்தைக்கு நல்லதாகிவிடாது. தீப் பயத்துக்காகவே பி.வி.சி. பலகை ஃபால்ஸ் சீலிங்கும் எனக்கு ஆகாது, அது எரிந்தால் வரும் புகை தீயை விட வேகமாக ஆளைச் சாய்க்கும்.

ஓடு போட்ட வீடு, மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், சாதாரண கான்கிரீட் தளம், மூன்றும் பரவாயில்லை. கான்கிரீட் என்றால் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருக்கிறார்களா என்று மாடி ஏறிப் பாருங்கள். இல்லை என்றால் வருடத்துக்கு ஒருமுறை மாடித் தளத்துக்கு வெள்ளை அடியுங்கள், சித்திரை வெயிலில் வித்தியாசம் தெரியும். கீழே ஏ.சி. போட்டுக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டால் வெக்கை குறையும், உள்ளே இருக்கும் வாடையும் வெளியே போகாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஜன்னல் கணக்கு எளிது. வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களுக்குத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்வது, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்று. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை 144 சதுர அடி, அப்படியென்றால் 24 சதுர அடி, நாலுக்கு மூன்று ஜன்னல் இரண்டு. இரண்டும் ஒரே சுவரில் இருந்தால் காற்று உள்ளே வந்து எங்கே போகும்? எதிரெதிரே இருக்க வேண்டும்.

முடிந்தால் வீட்டை ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை பாருங்கள். ஓதத்தை வெயில் காலத்தில் பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம், அடைமழையில் மறைக்க முடியாது. ஓதம் இருந்தால் பூஞ்சை வரும், பூஞ்சை இருந்தால் இழுப்பு இருக்கும் குழந்தைக்கு இழுப்பு கூடும். பெயிண்டுக்கு முன்னால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடையுங்கள், பாத்ரூம் குழாயா, மாடி வெடிப்பா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று.

இரண்டாவது வேலை: பழைய பெயிண்டைத் தொடும் முன் யோசிப்பது

பல் தடத்துக்கு வருகிறேன். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், இருக்கக் கூடாது என்று விதி வந்தது 2016இல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த எனாமல், அதிலும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, ஈயம் கலந்ததாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது நல்லது. அந்த நிறங்களைக் கொடுப்பதே பல சமயம் ஈயம் கலந்த நிறமிதான். வாய்வழியே உள்ளே போகும் ஈயத்தைக் குழந்தையின் உடம்பு பெரியவர்களை விட நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். அது மூளையைத் தொடுகிற விஷம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படி ஒரு அளவே கிடையாது.

இப்போது பெயிண்டர் வருகிறார். வந்ததும் என்ன செய்வார்? உப்புத்தாளை எடுத்துக் கம்பியைச் சரசரவென்று தேய்ப்பார். அதுதான் அவர் கற்ற தொழில், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருடம் கம்பியில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த ஈயம் அப்போதுதான் தூளாகி வீடு முழுக்கப் பரவுகிறது. எங்கள் பெயிண்டரிடம், "அண்ணே, உலர்ந்தபடி தேய்க்காதீங்க, தண்ணி தெளிச்சுத் தேய்ங்க" என்றேன். "தண்ணி போட்டா கம்பி துருப்பிடிக்கும்க்கா, நாளைக்கு என்னைத்தான் திட்டுவீங்க" என்றார். அவர் சொன்னதும் சரிதான். கடைசியில் ஒப்புக்கொண்ட முறை இது: உரியாமல் கெட்டியாக இருக்கும் இடத்தில் தேய்ப்பே கிடையாது, சோப்புத் தண்ணீரில் துடைத்து அதன் மேலேயே பிரைமர். உரிந்த இடத்தை மட்டும் நீர்த்தாளில் ஈரமாகத் தேய்த்து, உடனே துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, அன்றைக்கே பிரைமர். கீழே தார்ப்பாய் விரித்து, விழுந்த செதிலை எல்லாம் சுருட்டிக் கட்டிக் குப்பைக்கு. துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத் துணிதான். அவருக்கும் முகமூடி, வீட்டுக்குப் போகும் முன் சட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னேன், அவர் வீட்டிலும் பேத்தி இருந்தாள்.

குழந்தையின் வாய் எட்டும் இரண்டு ஜன்னலுக்குப் பூச்சை நம்பாமல் கம்பிச் சட்டத்தையே மாற்றிவிட்டோம். அதற்கு எவர்சில்வர் குழாய், பெயிண்டே கிடையாது. செலவுதான். ஆனால் வரவேற்பறைக்கு வைத்திருந்த காசு அது, அங்கே பழைய பெஞ்சே இன்னும் கிடக்கிறது, யாரும் குறை சொல்லவில்லை.

சுவருக்கு என்ன அடிப்பது

புதுப் பெயிண்டில் பார்க்க வேண்டியவை இரண்டு. டப்பாவில் ஈயம் 90 பி.பி.எம்.க்குக் கீழே என்று அச்சிட்டிருக்கிறதா. அப்புறம், தண்ணீர் கலந்து அடிப்பதா, தின்னர் கலந்து அடிப்பதா. தின்னர் வேண்டியது எதுவும் உள்ளே வரக்கூடாது, கதவுக்கும் கம்பிக்கும் கூட இப்போது தண்ணீரில் கரையும் எனாமல் கிடைக்கிறது. 'லோ வி.ஓ.சி.', அதாவது காற்றில் ஆவியாகும் ரசாயனம் குறைவு, என்று போட்டிருந்தால் நல்லது, லிட்டருக்கு 50 கிராமுக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. 'வாசனை இல்லாதது' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள், வாடையை மறைக்க வாசனை சேர்ப்பவர்களும் உண்டு. கடையில் மெஷினில் நிறம் கலக்கும்போது அடர்நிறத்துக்கு நிறமிக் குழம்பு நிறைய விழும், அதோடு வி.ஓ.சி.யும் ஏறலாம். வெளிர் நிறமே போதும், நிறத்தைக் குழந்தைகளே கொண்டு வருவார்கள்.

சுண்ணாம்பு எனக்குப் பிடித்த பொருள். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியும் நீலமும் சேர்த்து அடித்தால் சுவர் மூச்சு விடும், பூஞ்சை எளிதில் ஒட்டாது. செட்டிநாட்டுப் பக்கம் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர்களைப் பார்த்து ஆசைப்பட்டுச் சிலர் அதையே செய்யப் போகிறார்கள். சொந்தக் கட்டடம், கை தேர்ந்த ஆள், கையில் ஒரு வருடம் இருந்தால் செய்யுங்கள். வாடகை வீட்டில் அந்த ஆசை வேண்டாம். வெறும் வெள்ளை அடிப்பிலும் ஒரு தொல்லை உண்டு, சாய்ந்தால் முதுகில் ஒட்டும், ஈரக் கையால் தேய்த்தால் கையோடு வரும். அதனால் எங்கள் ஏற்பாடு: மூன்றடிக்கு மேலே சுண்ணாம்பு, மூன்றடிக்குக் கீழே துடைக்கக் கூடிய எமல்ஷன். சுண்ணாம்பு காய்ந்து இறுகும் வரை குழந்தைகளை அண்ட விடாதீர்கள், பச்சைச் சுண்ணாம்பு கண்ணை அரித்துவிடும்.

இன்னொன்று, எல்லோரும் கோட்டை விடும் இடம். சுவரில் யானை, மிக்கி, அ ஆ இ ஈ எல்லாம் எழுத போர்டு எழுதும் ஆளைக் கூப்பிடுவோம். அவர் கொண்டு வருவது வெளிப்பலகைக்கு எழுதும் எனாமல். உள்சுவரை அவ்வளவு பார்த்துப் பார்த்து அடித்துவிட்டு, குழந்தை தடவிப் பார்க்கும் யானைக்கு மட்டும் அதை அடிக்க விடாதீர்கள். பெயிண்டை நீங்களே வாங்கிக் கையில் கொடுங்கள், சம்பளம் மட்டும் பேசுங்கள்.

தரை

இங்கேதான் நான் அதிகம் பிடிவாதம் பிடிப்பேன். ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீடு கிடைத்தால் விடாதீர்கள். கண்ணாடிப் பலகை மேல் நிறக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமென்டும் மணலும் போட்டு, சூளையில் வைக்காமல், தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து இறுக வைக்கிற கல் அது. பசை கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது, வெயிலில் குளிர்ச்சி, துடைக்கத் துடைக்க மினுக்கம். ஒரே எதிரி ஆசிட். பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு கை பட்டால் போதும், பூ அழிந்துவிடும். காவி போட்ட பழைய சிமென்ட் தரையும் இதே குணம்தான், அந்தச் சிவப்பு வெறும் இரும்பு ஆக்சைடு. புதிதாகப் போடுவதென்றால் நல்ல கொத்தனார் வேண்டும், தண்ணீர் கட்டி ஒரு வாரம் பத்து நாளாவது விட வேண்டும். அவசரப்பட்டால் மூன்றாம் மாதம் வெடிப்பு, வெடிப்புக்குள் எறும்பு.

வழவழப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் ஏற்கெனவே கிடக்கிறதா? உடைக்காதீர்கள், அது ஒன்றும் விஷம் இல்லை. வழுக்கும், அவ்வளவுதான். தண்ணீர் சிந்தும் இடத்தில், அதாவது கை கழுவும் இடத்திலும் கழிப்பறையிலும் மட்டும், சொரசொரப்பான டைல்ஸ் போட்டுவிடுங்கள்.

எனக்கு ஆகாதது ரோல் ரோலாக விற்கும் பி.வி.சி. விரிப்பு. பார்க்க மரத்தரை மாதிரி இருக்கும், ஒரே நாளில் ஒட்டிவிடுவார்கள். அதை வளைய வைப்பதற்காகச் சேர்க்கும் தாலேட் என்ற வகைப் பொருட்களில் பல, குழந்தைகளுக்கு ஆகாதவை. விளையாட்டுப் பொம்மைகளில் அவை எவ்வளவு இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே கட்டுப்படுத்துகிறது. பொம்மையில் பார்க்கிறோம், நாள் முழுக்க உருளும் தரையில் பார்க்க மாட்டோமா? கீழே தடவும் பசையின் வாடை வேறு. எழுத்துப் பொருத்தி விளையாடும் நுரைப் பாய்களும் அப்படித்தான். அதிலிருந்து ஃபார்மமைடு என்ற ரசாயனம் வருகிறது என்று பெல்ஜியம் 2010இல் விற்பனையையே நிறுத்தியது. மூக்கில் வைத்துப் பாருங்கள், வாடை குத்தினால் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு வாரம் மொட்டை மாடி நிழலில் காற்றாட விரித்து வைத்துவிட்டு உள்ளே எடுங்கள்.

விழுந்தால் அடிபடாமல் இருக்க மெத்தென்று ஏதாவது வேண்டுமே? கோரைப் பாய் இருக்கிறது, அதன் கீழ் பருத்தி ஜமுக்காளம் இரண்டாக மடித்துப் போட்டால் போதும். துவைக்கலாம், வெயிலில் போடலாம். சாணம் மெழுகிய தரை எப்படி என்றும் கேட்கிறார்கள். பாட்டி வீட்டுக்குச் சரி, வாயில் விரல் வைத்துக்கொண்டு தவழும் இருபது குழந்தைகளுக்கு வேண்டாம்.

மரச்சாமான்: ஆசாரியிடம் கேட்க வேண்டியது

மரத்தூளையும் மர நாரையும் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு, அப்புறம் மலிவுப் பிளைவுட் எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்திருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மாதக் கணக்கில், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக, வெளியே வந்துகொண்டே இருக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்திவிட்டது. புது அலமாரியைத் திறந்ததும் கண் கரிக்கிறதே, அது 'புதுசு வாசனை' இல்லை, இதுதான்.

பிளைவுட் தவிர்க்க முடியாது என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி., அதாவது கொதிநீர் தாங்கும் பிளைவுட், கேளுங்கள். அதில் வேறு வகைப் பசை, கசிவு குறைவு. இல்லாவிட்டால் இ0 அல்லது இ1 என்று, அதாவது ஃபார்மால்டிஹைடு கசிவு குறைவு என்று, அச்சிட்ட பலகை. அடுத்தது முக்கியம்: வெட்டிய விளிம்பை ஒன்றுவிடாமல் அடைக்கச் சொல்லுங்கள், கண்ணுக்குத் தெரியாத பின்பக்க விளிம்பையும் சேர்த்து. பலகையின் முகத்தை விட வெட்டுவாயில்தான் அதிகம் கசியும். ஆசாரி, "சுவத்தைப் பாத்த பக்கம்தானே, யாரு பாக்கப் போறா" என்பார். பார்க்க இல்லை அண்ணே, மூச்சு விட என்று சொல்லுங்கள்.

குட்டி நாற்காலியும் ஸ்டூலும் முழு மரத்தில்தான். வேம்பு, மா, ரப்பர் மரம் எதுவாக இருந்தாலும் சரி, தேக்குக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. பாலிஷில் ஏமாறாதீர்கள். மெலமைன் பாலிஷ் பளபளக்கும், ஆனால் அதிலும் ஃபார்மால்டிஹைடு. அரக்கு போதும், இல்லையென்றால் தேன்மெழுகு. அம்பாசமுத்திரம் பக்கம் கடைசல் பிடிக்கும் சொப்புச் சாமான்களுக்குப் போடுவது அரக்குதான், அதை எத்தனை தலைமுறைக் குழந்தைகள் வாயில் போட்டிருக்கிறார்கள். வாங்கும்போது அரக்குச் சாயமா, பெயிண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், இப்போது இரண்டும் கலந்து வருகின்றன.

சுருக்கமாக இரண்டு. கரையானுக்கு குளோர்பைரிஃபாஸ் ஊற்றச் சொல்வார்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று அஞ்சி அமெரிக்காவில் வீட்டுக்குள் அதன் பயன்பாட்டை 2001க்குள் ஏறக்குறைய முழுக்க நிறுத்திவிட்டார்கள். மரத்துக்குப் போரக்ஸ் வகை மருந்து போதும், சுவரில் ஈரத்தை நிறுத்தினால் பாதிக் கரையான் தானாகப் போகும். குழாயில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீரைக் காலையில் ஒரு நிமிடம் செடிக்குத் திறந்துவிட்டு அப்புறம் குடிக்கப் பிடியுங்கள், பித்தளைக் குழாயிலும் பழைய பி.வி.சி.யிலும் ஈயம் இருக்கக் கூடும்.

கடைசி வேலை: சும்மா விடுவது

நம் ஊரில் சேர்க்கை என்றால் விஜயதசமி. ஆயுத பூஜை வரைக்கும் பெயிண்டர் ஏணியில் நிற்பார், மறுநாள் காலை அரிசித் தட்டில் அ எழுத வைக்கிறோம். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். அரிசியில் விரல் வைத்த குழந்தை அழுதது, சரி புது இடம் என்று நினைத்தோம். நாலைந்து குழந்தைகள் கண்ணைக் கசக்கின, ஆயாவுக்குத் தலைவலி. ஜன்னலைத் திறந்து அரை மணி நேரத்தில் எல்லோரும் சரியானார்கள். தப்பு எங்களுடையதுதான்.

அதனால் நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். விஜயதசமிக்குத் திறப்பு என்றால் ஆகஸ்ட் முடிவதற்குள் பெயிண்ட், மரவேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பிறகு குறைந்தது நாலு வாரம், ஜன்னல் எல்லாம் திறந்து, அலமாரிக் கதவும் இழுப்பறையும் திறந்து, ஃபேனைப் போட்டு விடுங்கள். வீட்டுக்காரர் வாடகை கேட்பார், கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதையும் கட்டடச் செலவில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் ராத்திரி மட்டும் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, காலையில் யாரும் திறக்கும் முன் நீங்களே போய்க் கதவைத் திறந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். ஏதாவது வாடை வந்தால் இன்னும் ஒரு வாரம்.

ஏ.சி. அறை இருந்தால், உள்ளே காற்று அடைந்து கிடக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கி மாட்டுங்கள். தூங்கும் நேரத்தில் அதில் 1000 பி.பி.எம். தாண்டினால் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று ஆயாவிடம் சொல்லிவிடுங்கள், எங்கள் ஆயா அதை 'மூச்சுக் கடியாரம்' என்கிறார்.

பெயிண்ட் டப்பா, பலகையில் ஒட்டியிருக்கும் சீட்டு, டைல்ஸ் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிப் போடும் முன் போனில் படம் எடுத்து வையுங்கள், இரண்டு வருடம் கழித்து டச்சப் பண்ண அதே டப்பாவைத் தேட வேண்டி வரும். கூட்டித் துடைக்க வருகிறவர் முதல் நாளே ஃபினாயில் பாட்டிலோடுதான் வருவார், அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் கையில் கொடுங்கள்.